ஆட்டம் நின்ற பிறகு அவன் யார்?

கேள்வி: என் தம்பிக்கு 23 வயது. ஏழாம் வகுப்பிலிருந்தே விளையாட்டு விடுதியில் தங்கிப் படித்தவன். வாலிபால், செட்டர். மாநில அணி வரை ஆடினான். கல்லூரிக் கடைசி ஆண்டில் முழங்கால் லிகமென்ட் கிழிந்து ஆபரேஷன் நடந்தது. ஒரு வருஷம் கழித்து மறுபடி களமிறங்கியவனுக்கு அதே காலில் திரும்பவும் கிழிந்துவிட்டது. இனிமேல் போட்டி ஆட்டம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது வீட்டோடு இருக்கிறான். பழைய நண்பர்கள் போன் செய்தால் எடுப்பதில்லை. "வாலிபால் இல்லேன்னா நான் யாருன்னே தெரியலக்கா" என்கிறான். அவன் தன்னுடைய இயல்பை மறுபடி கண்டுபிடிக்க முடியுமா? நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்:

முடியும். ஆனால் உங்கள் வீட்டில் எல்லோரும் எதிர்பார்ப்பதைவிடக் கூடுதல் நாள் பிடிக்கும். வழியும் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும்.

காயத்தால் ஆட்டத்தை விட்ட வீரர்களோடு ஆலோசகராகப் பல வருஷமாக வேலை செய்கிறேன். உங்கள் தம்பி சொன்ன அந்த வாக்கியத்தைக் கபடி ஆடியவர்களிடம் கேட்டிருக்கிறேன், ஹாக்கி ஆடியவர்களிடம் கேட்டிருக்கிறேன், ஓட்டப்பந்தய வீராங்கனைகளிடமும் கேட்டிருக்கிறேன். வீட்டில் இருப்பவர்கள் அதைச் சோகத்தில் சொல்லும் பேச்சு என்று எடுத்துக்கொள்வார்கள். என் அனுபவத்தில், அவர்கள் தங்கள் நிலைமையை உள்ளது உள்ளபடி சொல்கிறார்கள். அதனால் "அப்படியெல்லாம் சொல்லாதே" என்று வாயை அடைக்காமல், அந்த வாக்கியத்தை அப்படியே நம்பி ஆரம்பிப்போம்.

பன்னிரண்டு வயதில் விடுதிக்குப் போன ஒரு பையனின் நாளை நினைத்துப் பாருங்கள். விடியும் முன் விசில். கிரவுண்டு. குளியல், பள்ளிக்கூடம், மறுபடி கிரவுண்டு, சாப்பாடு, தூக்கம். என்ன சாப்பிட வேண்டும், எப்போது படுக்க வேண்டும், யாரோடு பழக வேண்டும், லீவில் ஊருக்குப் போகலாமா கூடாதா, எல்லாவற்றையும் வாலிபால் முடிவு செய்தது. ஊருக்கு வந்தாலும் தெருவில் "வாலிபால் தம்பி வந்துட்டான்" என்றுதான் பேச்சு. மற்றப் பிள்ளைகள் பதினைந்து வயதில் பாட்டு கற்றுப் பார்த்து விடுவார்கள், ஒரு நண்பர் கூட்டத்தில் சேர்ந்து பிரிவார்கள், அப்பாவிடம் சண்டை போட்டு வேறு குரூப் எடுப்பார்கள். அந்தத் தடுமாற்றத்துக்கு உங்கள் தம்பிக்கு நேரமே இருக்கவில்லை. அவன் யார் என்பது அதற்கு முன்பே முடிவாகியிருந்தது.

ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் 1966-ல் இதை ஆராய்ந்து எழுதினார். சிலர் பலதையும் தேடிப் பார்த்துவிட்டு ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். சிலர் தேடாமலேயே, கைக்குக் கிடைத்ததை உறுதியாகப் பிடித்துக்கொள்கிறார்கள். இந்த இரண்டாவது வகையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அப்படிப் பிடித்துக்கொண்டதால்தான் உங்கள் தம்பி மாநில அணிக்குப் போனான். ஆனால் பிடித்தது கையை விட்டுப் போனால், அடுத்து எதைத் தொடுவது என்ற பழக்கமே இருக்காது. 1993-ல் பிரிட்டன் புரூவர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் விளையாட்டு வீரன் என்ற அடையாளம் ஒருவரிடம் எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்று அளக்க ஒரு கேள்வித்தாளை உருவாக்கினார்கள். அந்த அடையாளம் ஆழமாக இருப்பது பயிற்சிக்கு நல்லது, காயம் பட்டால் அதுவே பலவீனம் என்பதுதான் அவர்கள் எழுப்பிய பிரச்சினை. பட்ரீஷியா லின்வில் 1980-களில் செய்த ஆய்வுகளும் இதற்கு அருகில் வருகின்றன. 'நான்' என்பதற்குள் பல பக்கங்கள் வைத்திருப்பவர்களைவிட, ஒன்றிரண்டு பக்கங்கள் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு வெற்றியிலும் தோல்வியிலும் மனநிலை அதிகமாக ஏறி இறங்குகிறது.

அடுத்து அந்த முழங்கால். தம்பி தன்னைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். சீக்கிரம் இறங்கிவிட்டேன், பிசியோ சொன்னதைச் சரியாகச் செய்யவில்லை, எனக்கு மன உறுதி பத்தவில்லை என்று உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். 2014-ல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, ஏ.சி.எல். என்ற முழங்கால் லிகமென்ட்டுக்கு ஆபரேஷன் செய்துகொண்ட ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் கணக்கைப் பார்த்தது. ஏதோ ஒரு விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 81 சதவீதம். போட்டி ஆட்டத்துக்குத் திரும்பியவர்கள் 55 சதவீதம்தான். அதாவது கிட்டத்தட்டப் பாதிப் பேர் போட்டிக்குத் திரும்பவில்லை. இத்தனைக்கும் அதில் பலர் நல்ல மருத்துவ வசதி உள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள். இந்த எண்களை அவனிடம் சொல்லுங்கள். ஆறுதல் வார்த்தையை விளையாட்டு வீரர்கள் சுலபமாக நம்ப மாட்டார்கள், எண்ணை நம்புவார்கள்.

இன்னொரு ஆய்வும் உங்களுக்கு உதவும். அதே புரூவரின் குழு, ஏ.சி.எல். ஆபரேஷன் செய்துகொண்டவர்களை இரண்டு வருஷம் பின்தொடர்ந்து பார்த்தது. 'நான் விளையாட்டு வீரன்' என்ற உணர்வு அவர்களிடம் மெல்லக் குறைந்துகொண்டே வந்தது. பெரிய சரிவு ஆறாவது மாதத்துக்கும் பன்னிரண்டாவது மாதத்துக்கும் நடுவில். குணமாவது மெதுவாக இருந்தவர்களிடம் சரிவு இன்னும் கூடுதல். மனம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள, தன் பாரத்தை அந்த இடத்திலிருந்து நகர்த்துகிறது என்று அவர்கள் அதைப் புரிந்துகொண்டார்கள். எனக்கும் அது சரியென்றே படுகிறது. தம்பி நண்பர்களின் போனை எடுக்காமல் இருப்பதில் ஒரு பகுதி இந்த வேலையாக இருக்கலாம். எந்தப் பையன் எந்த டோர்னமென்ட்டில் ஆடுகிறான் என்று கேட்க இப்போது அவனுக்குத் தெம்பு இல்லை. அதற்காக அவனைத் திட்ட வேண்டாம்.

ஆனால் இதோடு மனச்சோர்வு நோயும் கலந்திருக்கலாம். அதை விட்டுவிடக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேலாக நாள் முழுக்க மந்தமாக இருப்பது, விடிகாலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு தூங்க முடியாமல் கிடப்பது, சாப்பாடு குறைவது, முன்பு பிடித்த படமோ பாட்டோகூட ஒட்டாமல் போவது, "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்ற பேச்சு, இவை இருந்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு உண்டு. போனிலேயே மனநல ஆலோசனை தரும் டெலி மானஸ் 14416, தமிழ்நாட்டின் 104, இரண்டும் இலவச எண்கள். உயிரை விடுவது பற்றி வாயால் சொன்னால் அன்றைக்கே அழைத்துப் போக வேண்டும், "விளையாட்டுக்குச் சொல்றான்" என்று ஒதுக்கக் கூடாது. அவனிடம் நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேளுங்கள்.

சரி, இப்போது உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன்.

இயல்பு என்றதும், உள்ளே எங்கோ ஆழத்தில் தொலைந்துபோன ஒரு ஆள் முழுசாக உட்கார்ந்திருப்பதாகவும், கண்ணை மூடி யோசித்தால் அவரைக் கண்டுபிடித்துவிடலாம் என்றும் பலர் நினைக்கிறார்கள். நம் ஊரில் இதற்கு ஒரு பெரிய மரபும் இருக்கிறது. 1902-ல் திருவண்ணாமலையில், வருவாய்த் துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் 'நான் யார்' என்று ரமணரிடம் கேட்டார். மௌனத்தில் இருந்த ரமணர் எழுதிக் காட்டிப் பதில் சொன்னார். உடம்பு நானல்ல, புலன்கள் நானல்ல, மனம் நானல்ல என்று ஒவ்வொன்றாக விலக்கிப் போகும் விசாரணை அது. அதன் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் முழங்காலில் பிரேஸ் கட்டிக்கொண்டு அறைக்குள் கிடக்கும் 23 வயதுப் பையனை "உட்கார்ந்து நான் யார் என்று யோசி" என்று சொன்னால், அவன் யோசிக்கப் போவது அந்த இரண்டாவது கிழிசலைத்தான். எந்த நாள், எந்தப் பந்து, எந்தக் கால் முதலில் தரையில் பட்டது என்று திரும்பத் திரும்ப. அதனால் இந்தக் கட்டத்தில் தனியாக உட்கார்ந்து தேடும் வழியை நான் சொல்ல மாட்டேன்.

நான் கேட்பது வேறு கேள்வி. வாலிபால் அவனுக்கு என்ன கொடுத்தது என்பதை ஒரு பக்கம் வையுங்கள். அவன் வாலிபாலுக்குள் என்ன கொண்டுபோனான் என்பதை இன்னொரு பக்கம் வையுங்கள். முதல் பக்கத்தில் பேர், ஜெர்ஸி, சான்றிதழ், ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்கான நம்பிக்கை, கைதட்டல், நாளின் நேர ஒழுங்கு எல்லாம் வரும். அவை போய்விட்டன, அந்த இழப்பு உண்மையானது, அதற்காக அவன் அழுதால் அழட்டும். இரண்டாவது பக்கம் அவனுடையது. அவனது இயல்பு என்று நான் நம்பிச் சொல்லக்கூடியது அங்கேதான் இருக்கிறது.

அவன் செட்டர் என்று நீங்கள் எழுதியிருந்தது எனக்கு முக்கியமாகப் பட்டது. வாலிபால் தெரியாதவர்கள் ஸ்மாஷ் அடிக்கிறவனைத்தான் பார்ப்பார்கள். தெரிந்தவர்கள் செட்டரைப் பார்ப்பார்கள். ஒரு அணிக்கு மூன்று தொடுதல். முதலாவது, வருகிற பந்தை எடுத்துக்கொடுப்பது. மூன்றாவது, அடிப்பது. நடுவில் இருக்கும் இரண்டாவது பந்து பெரும்பாலும் செட்டருக்கு. பந்து அவன் விரல் நுனியில் இருப்பது கண் இமைக்கும் நேரம்கூட இருக்காது. அதற்குள் அவன் தெரிந்து வைத்திருக்க வேண்டியது எவ்வளவு என்று பாருங்கள். இடது ஓரத்தில் நிற்பவனுக்குப் பந்து நெட்டை விட்டுக் கொஞ்சம் தள்ளி வேண்டும். நடுவில் நிற்பவனுக்குத் தாழ்வாக, வேகமாக வேண்டும். போன பாயிண்டில் பந்தை வெளியே அடித்தவன் இப்போது பயந்திருக்கிறானா, இல்லை கோபத்தில் இருக்கிறானா? பயந்திருந்தால் சுலபமான பந்து ஒன்று கொடுத்து அவனை நிமிர்த்த வேண்டும். கோபத்தில் இருந்தால் ஒரு சுற்று அவனை விட்டு வைக்க வேண்டும். எதிரணியின் பிளாக்கர் எந்தப் பக்கம் சாய்கிறான்? தான் எங்கே கொடுக்கப் போகிறோம் என்பது கடைசி நொடி வரை தோளில் தெரியக் கூடாது. பாயிண்ட் விழுந்ததும் கூட்டம் அடித்தவன் பேரைச் சொல்லும். செட்டர் ஒரு விரலைக் காட்டிவிட்டு அடுத்த பந்துக்கு நிற்பான்.

இது எல்லாவற்றையும் பயிற்சியாளர் கற்றுக்கொடுத்துவிட முடியாது. விரல் எப்படி வைப்பது, கால் எப்படி வைப்பது என்பதைக் கற்றுக்கொடுக்கலாம். அடுத்தவன் முகத்தைப் படிக்கிற கவனம் அந்தப் பிள்ளை கூடவே வருவது. நல்ல பி.டி. சார் பன்னிரண்டு வயதிலேயே அதைப் பார்த்துவிட்டுத்தான் "நீ செட்டர் நில்லுடா" என்பார். உங்கள் தம்பி விடுதிக்குப் போகும் முன் எப்படி இருந்தான் என்று நினைத்துப் பாருங்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று வீட்டில் முதலில் கண்டுபிடித்தவன் யார்? விருந்தாளி வந்தால் கூச்சப்படுகிற பிள்ளையைப் போய்க் கூட்டிவந்து உட்கார வைத்தவன் யார்? நான் ஊகிக்கிறேன்தான், நீங்கள் சரிபார்க்க வேண்டும். ஒருவேளை அவனிடம் இருந்தது வேறு ஏதாவதாக இருக்கலாம். கணக்குப் போடும் புத்தியாக இருக்கலாம். முன்னால் நிற்காமல் ஆட்டத்தை நடத்துவதில் கிடைக்கும் நிறைவாக இருக்கலாம்.

இதை அவனிடமே கேட்டால் பதில் வராது. "என்னத்த கொண்டு போனேன்" என்பான். அவனோடு ஆடியவர்களைக் கேளுங்கள். விடுதியில் பக்கத்துக் கட்டிலில் படுத்த பையன், ஜூனியராக வந்தவன், சமையல் செய்த அக்கா, பழைய பி.டி. சார். எந்த மேட்ச் ஜெயித்தான் என்று கேட்க வேண்டாம். "அவன் எப்படிப்பட்டவன், அவன் இல்லாதபோது உங்களுக்கு எது குறையாக இருந்தது?" என்று கேளுங்கள். பதில்களை வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகவே வாங்கி வையுங்கள். அவன் கேட்கத் தயாராகும் நாளில் கொடுக்கலாம்.

நான் இதை நம்புவதற்குக் காரணமான ஓர் ஆய்வைச் சொல்கிறேன். 2015-ல் நீனா ஸ்ட்ரோமிங்கர், ஷான் நிக்கல்ஸ் என்ற இருவர் மூளை நோய் வந்தவர்களின் குடும்பத்தாரிடம் கேட்டார்கள்: இவர் இன்னும் அதே ஆள்தானா? அல்சைமர் வந்து ஞாபகம் போனவர்கள், தசைகள் செயலிழந்தவர்கள், குணத்தையே மாற்றும் ஒருவகை மறதி நோய் வந்தவர்கள் என்று மூன்று விதமான குடும்பங்கள். உடம்பு செயலிழந்தவரைக் குடும்பம் 'அதே ஆள்' என்றே பார்த்தது. ஞாபகம் போவதுகூட அந்த அளவுக்குப் பெரிய காரணமாக இல்லை. அன்பு, நேர்மை, இரக்கம் போன்ற குணங்கள் மாறியபோதுதான் 'இது அவர் இல்லை' என்ற எண்ணம் வலுவாக வந்தது. உங்கள் தம்பிக்கு ஒரு ஜவ்வு போயிருக்கிறது. நீங்கள் அவனை அவன் என்று அடையாளம் காண்பது எதனாலோ, அது போகவில்லை. அவனுக்கு இப்போது அது தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

தஞ்சாவூர்ப் பக்கத்துக் கபடி வீரர் ஒருவர் என்னிடம் வந்திருந்தார். ரெய்டர். தோள்பட்டை பலமுறை கழன்று ஆட்டத்தை விட்டவர். கூட்டமும் கைதட்டலும் இல்லாமல் வாடுகிறார் என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். ஆட்டத்தில் எந்த நேரம் மனதுக்கு நிறைவாக இருக்கும் என்று நான் கேட்டபோது, நெடுநேரம் யோசித்துவிட்டு, "கோட்டைத் தாண்டின உடனே, சார். அங்க என்னைத் தவிர யாரும் கிடையாது. முப்பது செகண்டு, நான் எடுக்கறதுதான் முடிவு" என்றார். கைதட்டலைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. அதற்கு அப்புறம் செல்போன் கடையில் வேலை பார்த்தார், ஒட்டவில்லை. மாமா கடையில் உட்கார்ந்தார், அதுவும் ஒட்டவில்லை. இப்போது ஜேசிபி ஓட்டுகிறார். தனியாக, பள்ளத்தின் ஓரத்தில், எங்கே தோண்டினால் கரை சரியும் என்று தானே பார்த்து முடிவெடுக்கும் வேலை. கபடிக்கும் ஜேசிபிக்கும் என்ன சம்பந்தம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். அவருக்குத் தெரியும்.

இது ஒரு பாதி. இன்னொரு பாதி, அவன் தொட்டே பார்க்காத விஷயங்கள். பதினைந்து வயதில் நடந்திருக்க வேண்டிய தேடலை அவன் 23-ல் செய்ய வேண்டியிருக்கிறது. ஹெலன் ரோஸ் ஈபா என்ற அமெரிக்க சமூகவியலாளர் முன்பு கன்னியாஸ்திரீயாக இருந்து வெளியே வந்தவர். டாக்டர் தொழிலை விட்டவர்கள், விவாகரத்து ஆனவர்கள், மடத்தை விட்டு வந்தவர்கள் என்று 185 பேரிடம் பேசி, ஒரு பெரிய அடையாளத்தை விட்டு வருவது எப்படி நடக்கிறது என்று 1988-ல் எழுதினார். தானாக விட்டு வருகிறவர்களுக்கு முதலில் சந்தேகம் வரும், அப்புறம் வேறு வழிகளை மனதுக்குள் போட்டுப் பார்ப்பார்கள், அதற்கு அப்புறம்தான் கதவைத் திறந்து வெளியே வருவார்கள். உங்கள் தம்பிக்கு அந்த ஒத்திகை எதுவும் கிடைக்கவில்லை. ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டோடு எல்லாம் முடிந்தது. மற்றவர்கள் முன்கூட்டியே செய்துவிடும் வேலையை அவன் பின்னால் செய்ய வேண்டும். நாள் அதிகம் பிடிக்கும் என்று முதலில் சொன்னது இதனால்தான். முழுசாக வெளியே வந்த பிறகும் பழைய அடையாளத்தின் மிச்சம் கூடவே இருக்கும் என்பதும் அவர் கண்டது. பத்து வருஷம் கழித்தும் டிவியில் வாலிபால் ஓடினால் அவன் விரல்கள் அசையும். அதில் தவறே இல்லை.

தொட்டுப் பார்ப்பது என்றால் பெரிதாக எதுவும் வேண்டாம். வண்டி ரிப்பேர், சமையல், போட்டோ எடுப்பது, தோட்டம், தெருப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது, எதுவானாலும் சரி. இதில் ஒரு சிக்கல் வரும். விளையாட்டு வீரர்களுக்குப் புதிதாக ஒன்றைத் தொடங்கிச் சொதப்புவது தாங்க முடியாத விஷயம். பத்து வருஷமாக ஒரு வேலையில் கெட்டிக்காரனாக இருந்தவனுக்குத் தோசை பிய்ந்து போவதுகூடத் தோல்வியாகத் தெரியும். உடனே, "இதுல நான் நல்லா வர மாட்டேன்" என்று விட்டுவிடுவான். நல்லா வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லாத இடம் ஒன்று அவனுக்கு வேண்டும். யாரும் பாராட்டவும் கூடாது, மார்க் போடவும் கூடாது. மறுநாள் அவனாகவே அடுப்படிக்கு வருகிறானா என்று மட்டும் கவனியுங்கள். யாரும் பார்க்காதபோதும், பலன் ஒன்றும் இல்லாதபோதும் ஒருவர் எதற்குத் திரும்பத் திரும்பப் போகிறாரோ, அதைவிட நம்பகமான தடயம் எனக்குத் தெரியவில்லை.

உடம்பையும் மறக்காதீர்கள். தினமும் நாலைந்து மணி நேரம் வேர்வை சிந்திய உடம்பு திடீரென்று கட்டிலில் கிடந்தால் தூக்கம் கெடும், மனமும் கெடும். காலைத் தவிர மற்ற உடம்பு ஆரோக்கியமாகத்தானே இருக்கிறது? நீச்சல், சைக்கிள், மேலுடம்புப் பயிற்சி எதைச் செய்யலாம் என்று அவனுடைய டாக்டரையும் பிசியோவையும் கேட்டு, ஒரு நேரம் வைத்துத் தொடங்கச் சொல்லுங்கள். விடுதி கொடுத்த நேர ஒழுங்கில் கொஞ்சமாவது அவனிடம் திரும்ப வரும். மற்ற எல்லா யோசனைகளுக்கும் முன்னால் செய்ய வேண்டியது இது என்றுகூடச் சொல்வேன்.

பயிற்சியாளர் ஆகலாமே என்று ஏற்கெனவே பலர் சொல்லியிருப்பார்கள். பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது, உடற்கல்விப் பட்டம் இருக்கிறது, நடுவர் தேர்வு இருக்கிறது. நல்ல வழிகள்தான். ஆனால் இப்போதே தள்ளிவிட வேண்டாம். காயம் ஆறாத மனதோடு கிரவுண்டுக்குப் போகிறவர், தான் ஆட முடியாத ஆட்டத்தைப் பிள்ளைகளின் உடம்பில் ஆடப் பார்ப்பார். அப்படிப்பட்டவர்களிடம் மாட்டிய பிள்ளைகளையும் நான் பார்த்திருக்கிறேன். அவனுக்குள் ஒரு பையனுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசை தானாக வந்தால் அப்போது போகட்டும்.

அப்படித் திரும்பி வந்தவர்கள் இல்லாமல் இல்லை. புதுக்கோட்டை மாவட்டத்துச் செங்கல் சூளைத் தொழிலாளர் வீட்டுப் பெண் சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். அதற்கு அப்புறம் நடந்த பாலினச் சோதனையைக் காரணம் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். ஓட்டம் மட்டும் போகவில்லை, அவர் பெண்தானா என்பதையே உலகத்தின் முன்னால் கேள்விக்குறி ஆக்கினார்கள். அடுத்த வருஷம் அவர் உயிரை விட முயன்றார், பிழைத்தார். ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுத்தார். இடையில் சூளை வேலைக்கே திரும்பிப் போக வேண்டிய காலமும் வந்தது. பிறகு பாட்டியாலாவில் பயிற்சியாளர் படிப்பை முடித்துப் பயிற்சியாளராக வேலைக்குச் சேர்ந்தார். அவருக்கு நடந்தது பெரிய அநீதி, அதைத் தம்பியின் காயத்தோடு ஒப்பிட மாட்டேன். ஆனால் அந்த வழி நேர்க்கோடாக இல்லை என்பதை அவன் தெரிந்துகொள்வது நல்லது. இந்தியாவுக்கு ஒலிம்பிக்கில் முதல் தனிநபர் தங்கத்தை 2008-ல் வாங்கிக்கொடுத்த அபினவ் பிந்த்ரா, ஜெயித்த பிறகு தன்னை ஒரு பெரிய வெறுமை பிடித்துக்கொண்டதைப் பொதுவெளியிலேயே பேசியிருக்கிறார். ஆட்டத்தின் உச்சத்துக்குப் போனவருக்கும் "இனி நான் யார்" என்ற கேள்வி வந்திருக்கிறது. முழங்கால் நன்றாக இருந்திருந்தாலும் உங்கள் தம்பியிடம் அது 35 வயதில் வந்திருக்கும்.

வீட்டில் என்ன செய்வது என்று கேட்டீர்கள். "டிஎன்பிஎஸ்சி படி" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தால் கொஞ்ச நாளைக்கு நிறுத்தச் சொல்லுங்கள். சம்பாத்தியம் வேண்டும்தான். பணத் தேவை இருந்தால் ஏதாவது ஒரு வேலைக்கு அவன் போகட்டும், ஆனால் அந்த வேலைதான் இனி அவன் என்று யாரும் பேச வேண்டாம். ஒரே அடையாளத்தில் மாட்டியவனை அவசரமாக இன்னொரு ஒரே அடையாளத்தில் கொண்டுபோய் அடைப்பதுதான் அதில் நடக்கும். ஷோகேஸில் இருக்கும் கோப்பைகளை அவனைக் கேட்காமல் எடுக்காதீர்கள். துடைத்துத் துடைத்து முன்னால் வைக்கவும் வேண்டாம். எங்கே இருக்க வேண்டும் என்று அவனையே கேளுங்கள். பரணில் போடு என்றால் போடுங்கள், ஆறு மாதம் கழித்து இறக்கு என்றால் இறக்குங்கள்.

பொங்கல் சமயம்தான் கடினமாக இருக்கும். ஊருக்கு ஊர் லைட் போட்டு ராத்திரி டோர்னமென்ட் நடக்கும், மைக் சத்தம் வீட்டுக்குள் கேட்கும், "என்னப்பா, இந்த வருஷம் எந்த டீம்?" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். அதற்கு ஒரு பதிலை அவனோடு உட்கார்ந்து இப்போதே தயார் செய்துவிடுங்கள். "கால் போயிடுச்சுண்ணே, இப்ப ஆடறதில்ல" என்ற அளவுக்குச் சின்னதாக இருந்தால் போதும், விளக்கம் வேண்டாம். கமிட்டியில் இருந்து அம்பயராக நிற்கக் கூப்பிட்டால் அவன் சார்பில் நீங்கள் சரியென்றும் சொல்ல வேண்டாம், இல்லையென்றும் சொல்ல வேண்டாம். அன்றைக்கு வேறு ஊரில் இருக்க விரும்பினால், பெரியம்மா வீட்டுக்கோ வேறு எங்கோ, கூட ஒருவர் போய் வாருங்கள்.

அவன் சம்மதித்தால் அவனே எனக்கு எழுதட்டும். நீங்கள் எழுதிய வரைக்கும் நான் கேட்டது அக்காவின் குரலை. எந்தப் பந்தைக் கொடுக்கும்போது அவனுக்கு நிறைவாக இருந்தது என்பதிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.